பன்றி வேட்டை நாய்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும்?

போன மாதம் அக்கா பையன் ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வெள்ளை நிறத்தில், ரோஸ் மூக்கோடு ஒரு ராஜபாளையம் குட்டி. விலை பதினெட்டாயிரம். கீழே கொட்டை எழுத்தில், “ஒரிஜினல் பன்றி வேட்டை லைன். தாத்தன் நாய் தனியா 5 கிலோமீட்டர் தேடிப் போய் பன்றிய மடக்கும். புடிச்சா விடாது.” அதற்குக் கீழே அவன் கேள்வி: “மாமா, இது நெசமா?”

எனக்கு நாய் வளர்த்த அனுபவம் அதிகம் கிடையாது. வேட்டை அனுபவம் சுத்தமாகக் கிடையாது. நாங்கள் இருப்பது காரைக்கால். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வாய்க்கால், அதைத் தாண்டினால் கடல். காட்டுப்பன்றி உள்ள காடு என்று சொல்ல வேண்டுமானால் தெற்கே எழுபது எண்பது கிலோமீட்டர் போய் கோடியக்கரை சரணாலயத்தைத்தான் காட்ட வேண்டும். ஆனாலும் அந்த விளம்பரத்தை அப்படியே கடந்து போக முடியவில்லை. காரணம், அதில் இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று தூரம், நாய் ஆளை விட்டு எவ்வளவு விலகிப் போய்த் தேடும் என்பது. இன்னொன்று விடாப்பிடி, கண்டுபிடித்த பிறகு எவ்வளவு நேரம் அதை விடாமல் இருக்கும் என்பது. அளவு என்று வந்துவிட்டால் என் தொழில் புத்தி சும்மா இருக்காது. யார் அளந்தது, எப்படி அளந்தது, எத்தனை முறை அளந்தது?

இந்தக் கேள்வியோடு பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் கொஞ்சம் புரட்டினேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பன்றியைத் தெரிந்துகொள்வோம்

முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் நாய்க்கு ஒரே வேலை இல்லை. முயல் ஓடும்; நாய் பார்த்துக்கொண்டே துரத்தும்; ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான, நீண்ட கால் நாய்கள் இதற்கென்றே உருவானவை. கண்ணை நம்பி ஓடுபவை. வெட்டவெளி வேண்டும்.

பன்றி பகலில் புதருக்குள் படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மோப்பத்தால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிளப்பினால் கொஞ்ச தூரம் வேகமாக ஓடும். ஒரு கட்டத்தில் பாறையையோ அடர்ந்த புதரையோ முதுகுக்கு அரணாக வைத்துக்கொண்டு திரும்பி நிற்கும். வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். மேல் கொம்பும் கீழ்க் கொம்பும் ஒன்றோடொன்று உரசித் தானாகவே கூராகிக்கொள்ளும். அந்த நிலையில் நேராகப் போய்க் கடிக்கும் நாயின் வயிறு கிழியும்.

ஆக, பன்றி நாயின் வேலை மூன்று துண்டாக இருக்கிறது. தேடுவது, தொடர்வது, நின்ற பன்றியை ஆள் வந்து சேரும் வரை அங்கேயே நிறுத்தி வைப்பது. மூன்றாவது வேலையைக் கடித்தும் செய்யலாம், குரைத்தும் செய்யலாம். சுற்றிச் சுற்றி வந்து குரைத்து, பன்றி நகர்ந்தால் பின்னால் ஒரு கடி, திரும்பினால் விலகல் என்று ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் நாய் உண்டு. பார்த்தவுடன் பாய்ந்து பிடித்து ஐந்தே நிமிடத்தில் சாகும் நாயும் உண்டு. இதில் எது விடாப்பிடி? கட்டுரை முழுக்க இந்தக் கேள்வி நம்மோடு வரும்.

நம் பழைய நூல்களில்

எங்கள் கரையில் இருந்தே தொடங்குகிறேன். காரைக்காலுக்கு வடக்கே பூம்புகார். அந்தத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையில் நாய் வருகிறது. ஆனால் வேட்டை நாய் இல்லை. பண்டசாலை முற்றத்தில் மூட்டைக் குவியல்மேல் ஏறி, கூரிய நகமுள்ள ஆண் நாய்கள் ஆட்டுக்கிடாய்களோடு துள்ளி விளையாடுகின்றன. மலைச் சரிவில் வரையாடு துள்ளுவது போல இருக்கிறது என்று புலவர் ஒப்பிடுகிறார். மலை உவமையாக மட்டும் வருகிறது. சமவெளித் துறைமுகத்து நாய் மூட்டைக்குக் காவல். வேட்டை நாய்க்கு வேறு நிலம் வேண்டும்.

அந்த நிலம் பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. எயினர்கள் நீர் குடிக்க வரும் விலங்குக்காகக் குழி தோண்டி, நள்ளிரவில் அதற்குள் ஒளிந்து பன்றியின் வரவு பார்த்திருக்கிறார்கள். அது வாய்க்காவிட்டால் மறுநாள் பகலில் நாய்களோடு புறப்பட்டு, புதரை அடித்து, வலை கட்டி முயல் பிடிக்கிறார்கள். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பன்றிக்குக் குழியும் காத்திருப்பும். முயலுக்கு நாயும் வலையும். அதாவது நாய் வைத்திருந்தவர்கள் எல்லாரும் நாயைப் பன்றிமேல் ஏவிவிடவில்லை. எந்த வேலைக்கு எதைச் செலவழிக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

பன்றியும் நாயும் நேருக்கு நேர் மோதும் காட்சி அகநானூற்றில் உண்டு. 248ஆம் பாட்டு, கபிலர் பாடியது. வலிமையான நாய்களைப் பன்றி எறிந்து தள்ளுகிறது. குட்டிகளைக் காக்கிறது. இளைஞர்கள் நெருங்க விடாமல் தடுக்கிறது. பெண்பன்றியும் கூட்டமும் தப்பிப் போகும் வரை குறுகலான வழியில் தனியாக நிற்கிறது. வேட்டுவன் அம்பைத் தொடுத்துக்கொண்டு கிட்டே வருகிறான். பார்க்கிறான். படை ஓடினாலும் தான் ஓடாமல் வழிமறித்து நிற்கும் தன் தலைவன் நினைவு வருகிறது. எய்யாமல் திரும்பிவிடுகிறான்.

பாட்டின் மரியாதை முழுக்கப் பன்றிக்குத்தான். நாய்களுக்கு ஒரு வரிகூட முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் வேட்டை நாயைப் பற்றி யோசித்துக்கொண்டே படித்தால் இன்னொன்று தெரிகிறது. வேட்டுவன் கிட்டே வர முடிந்ததே பன்றி நின்றதால். பன்றி நின்றது, ஓடினால் குட்டிகளை எட்டிவிடக்கூடிய நாய்கள் அங்கே இருந்ததால். எறியப்பட்ட நாய்கள் தோற்ற நாய்கள் இல்லை, அவை தம் வேலையை முடித்துவிட்டன என்பது என் வாசிப்பு. கொன்றதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த நாய்களுக்கு மதிப்பெண் பூஜ்யம்.

தூரத்துக்கு ஒரு கதை வேண்டுமென்றால் பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்பர் கதையில், திண்ணனின் கன்னி வேட்டை. நாய்கள் உண்டு, வலைகள் உண்டு, ஆட்கள் ஏராளம். ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பின்னால் போனவன் திண்ணன். அவனைத் தொடர முடிந்தது நாணன், காடன் என்ற இருவரால் மட்டும். பன்றி நெடுந்தூரம் ஓடி, ஒரு குன்றின் அடியில் மரக்கூட்டத்துக்குள் போய் வலி ஓய்ந்து நிற்கிறது. திண்ணன் அம்பு எய்யவில்லை. கிட்டே போய்ச் சுரிகையால் வெட்டுகிறான். அந்தக் கட்டத்தில் சேக்கிழார் நாய்களைப் பற்றிப் பேசவே இல்லை. அவ்வளவு தூரம் போனதால்தான் பொன்முகலி ஆறும் காளத்தி மலையும் கண்ணில் படுகின்றன; மற்ற கதை எல்லாருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது ஒரு விவரம்: பன்றி ஓடும், பிறகு நிற்கும், நிற்கும் இடம் வரை போகிறவருக்குத்தான் அது கிடைக்கும். சேக்கிழாருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிரேக்கர் வைத்த சோதனை

நாயை எப்படி எடைபோடுவது என்று நேரடியாக எழுதிய பழைய ஆள் கிரேக்கத்து ஜெனஃபன். கிமு நான்காம் நூற்றாண்டு. அவர் பெயரில் உள்ள வேட்டை நூலில், பன்றி வேட்டைக்கு எந்த நாய்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. முதல் பெயர் இந்திய நாய். அதன் பிறகுதான் கிரீட், லோக்ரிஸ், லகோனியா நாய்கள். இதைப் பார்த்துவிட்டு “ராஜபாளையம் நாய் கிரேக்கம் போனது” என்று யாராவது ஃபார்வர்ட் போட்டால் நம்பிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த இந்தியா பாரசீகப் பேரரசின் கிழக்கு ஓரம், சிந்து நதிப் பக்கம். தமிழ்நாட்டோடு முடிச்சுப் போட அதில் ஒன்றும் இல்லை.

முக்கியமானது அவர் சொல்லும் முறை. பன்றி இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்குப் போனதும் எல்லா நாயையும் அவிழ்த்துவிடக் கூடாது. ஒரே ஒரு லகோனிய நாயை மட்டும் அவிழ்க்க வேண்டும். மற்றவை கயிற்றில். அந்த ஒரு நாய் தடம் பிடித்துப் போகும். ஆட்கள் அதன் பின்னால் போவார்கள். பன்றி படுத்திருக்கும் இடம் தெரிந்த பிறகு வலை கட்டி, அதன் பிறகுதான் மற்ற நாய்கள். தேடும் நாய் வேறு, மோதும் நாய் வேறு என்று வேலையைப் பிரித்திருக்கிறார்.

இதில் ஒரு சோதனை முறையும் ஒளிந்திருக்கிறது. பத்து நாயை ஒன்றாக அவிழ்த்துவிட்டால், எந்த நாய் தேடியது, எந்த நாய் சும்மா பின்னால் ஓடியது என்று தெரியாது. தனியாக விட்டால் தெரிந்துவிடும். எங்கள் வேலையில் பிழை தேடும்போதும் இதே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

அதே நூலில் இன்னொரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது. துரத்துவதைப் பாதியில் விட்டுவிடும் நாய்களை அவர் வகை பிரிக்கிறார். சில நாய் வெயில் தாங்காமல் விட்டுவிடும். சில நாய்க்கு விலங்கின் மேலேயே வெறுப்பு. சில நாய் மனிதர்மேல் உள்ள பிரியத்தால் திரும்பி வந்துவிடும். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், நாய் திரும்பி வந்துவிட்டது. உள்ளே காரணம் வேறு வேறு. “இது விடாப்பிடி இல்லாத நாய்” என்று ஒரே முத்திரை குத்துகிறவர் ஜெனஃபனைவிட 2300 வருடம் பின்தங்கியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆதகூர்க் கல்

இனி வருவது இந்தியாவில் பன்றி வேட்டை நாய்க்கு எழுந்த நினைவுகளில் எனக்குத் தெரிந்த மிகப் பெரியது. கதை தொடங்குவது தமிழ் மண்ணில்.

949. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தக்கோலம். முதலாம் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு மோதுகிறான். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், யானைமேல் இருந்த இராஜாதித்தனைக் கொல்கிறான். அதனால்தான் சோழர் கல்வெட்டுகளில் இராஜாதித்தனுக்கு “ஆனைமேல் துஞ்சின” என்ற அடைமொழி. சோழர்கள் அந்த அடியிலிருந்து எழுந்து நிற்கச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தை மெச்சிய கிருஷ்ணன், என்ன வேண்டும் கேள் என்கிறான். ஊர் கேட்கலாம், பொன் கேட்கலாம். மணலேரன் கேட்டது கிருஷ்ணனிடம் இருந்த காளி என்ற நாயை. கிடைத்தது. பிறகு கேளலே நாட்டில் பேளதூருக்கு மேற்கே உள்ள குன்றில் ஒரு பெரிய பன்றிமேல் காளியை ஏவினார்கள். பன்றியும் நாயும் கூடவே செத்தன.

காளிக்காக ஆதகூரில் சல்லேசுவரர் கோயில் முன்னால் கல் நட்டார்கள். கல்லின் உச்சியில் நாயும் பன்றியும் மோதும் சிற்பம். கல்லுக்குப் பூசை நடக்க நிலம் விட்டார்கள். அந்தக் கல்லைப் பூசிக்காமல் கோயில் பூசாரி சாப்பிட்டால் நாயைக் கொன்ற பாவம் சேரும் என்று எழுதியும் வைத்தார்கள். ஊர் இன்றைய மாண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் இருக்கிறது. கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதும்போதெல்லாம் எடுத்துக்காட்டுவது இந்தக் கல்லைத்தான். சோழப் பேரரசின் ஒரு பெரிய தோல்விக்கு முதன்மையான சான்று ஒரு நாயின் நினைவுக்கல் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சரி, காளி நல்ல பன்றி நாயா? கல்லை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா?

தைரியம் இருந்தது, சந்தேகமில்லை. அரசனிடம் இருந்த நாய், ஒரு வீரன் ஊரைவிட மேலாக நினைத்துக் கேட்ட நாய். அதனால் அதற்கு முன்பே அதற்குப் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் தேடியது? கல்லில் இல்லை. எவ்வளவு நேரம் பன்றியை நிறுத்தியது? இல்லை. முன்பு எத்தனை பன்றியை உயிரோடு நிறுத்திவிட்டுத் திரும்பியது? அதுவும் இல்லை. கல்லில் இருப்பது கடைசி மோதலும் அதன் முடிவும் மட்டும்.

நம் பக்கத்து நாய்க்கல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுதி மூலம் பலருக்கும் தெரிய வந்த கல். தொறுப்பூசலில், அதாவது மாடு பிடிச் சண்டையில், கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்து, காத்து நின்றது. இது பன்றி வேட்டை இல்லை. ஆனால் கவனித்தீர்களா, கோவிவனுக்குக் கல் கிடைத்தது கடித்ததற்கு மட்டும் இல்லை, கடித்த பிறகு விட்டுப் போகாமல் காத்து நின்றதற்கும் சேர்த்து. நான் தேடும் விடாப்பிடி என்ற குணத்துக்கு, எனக்குத் தெரிந்த கல்வெட்டுகளில் இதுதான் நெருக்கமான சாட்சி.

பொதுவாக, கல் சாவுக்கு எழும். குரைத்துக் குரைத்தே பன்றியை நிறுத்தி, ஆள் வந்ததும் விலகி, மாலையில் வீடு திரும்பி, பத்து வருடம் வாழ்ந்து கிழடாகிச் செத்த நாய்க்கு யாரும் கல் நடவில்லை. வேட்டைக்காரனுக்கு உண்மையில் அதிகம் உழைத்தது அந்த நாயாக இருக்கலாம். ஆனால் நம் நினைவில் மிஞ்சியதெல்லாம் பாய்ந்து செத்தவை. இந்தச் சாய்வை வைத்துக்கொண்டு “விடாத நாய்” என்று நாம் புகழ்வது பெரும்பாலும் “விலகத் தெரியாத நாய்”.

ஒரு பிரெஞ்சுச் சொல்

காரைக்காலில் வளர்ந்தவனுக்குப் பிரெஞ்சு கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர், 1954 நவம்பரில்தான் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் இன்றும் எங்கள் தெருக்களில் உண்டு. அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சு வேட்டைச் சொற்களையும் தேடிப் பார்த்தேன்.

பிரான்சில் பன்றிக்கென்றே வளர்க்கும் நாய்க்கூட்டத்துக்குத் தனிப் பெயர், ‘வோத்ரே’. பன்றி திரும்பி நின்று நாய்களை எதிர்கொள்ளும் அந்தக் கட்டத்துக்கும் தனிப் பெயர், ‘ஃபெர்ம்’. உறுதியாக, அசையாமல் என்ற பொருள். அங்கே மோப்ப வேட்டை நாய்களுக்குத் தேர்வுகள் நடக்கின்றன. அவற்றில் “நல்ல நாய்” என்று மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டு முடிப்பதில்லை. தடம் தேடுவது, படுத்திருக்கும் விலங்கைக் கிளப்புவது, கிளம்பியதைத் தொடர்வது, குரல் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்கிறார்கள். குரல் ஏன் முக்கியம்? அடர்ந்த காட்டில் நாய் எங்கே இருக்கிறது, தொடர்கிறதா, பன்றி நின்றுவிட்டதா என்று ஆளுக்குச் சொல்வது குரல்தான். நாய் இரண்டு கிலோமீட்டர் போய் மௌனமாகப் பன்றியை நிறுத்தினால், அந்தத் தூரத்தால் ஆளுக்கு ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் எப்படி எடைபோடுவது?

மேலே பார்த்தவற்றை எல்லாம் சேர்த்து, விளம்பரத்தில் இருந்த இரண்டு அளவுகளையும் மறுபடி எழுதிப் பார்த்தேன்.

தூரம். “5 கிலோமீட்டர் போகும்” என்பது தனியாக ஒரு தகவலே இல்லை. பன்றி 300 மீட்டரில் படுத்திருக்கும்போது 5 கிலோமீட்டர் போன நாய், பன்றியைத் தவறவிட்ட நாய். பக்கத்தில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, தடம் கிடைத்தால் போய், கிடைக்காவிட்டால் ஆளிடம் திரும்பும் நாய்க்குத்தான் தூரம் தெரியும் என்று சொல்லலாம். திரும்பி வருவதும் தூரத்தின் ஒரு பகுதி. தவிர, ஈரமான விடியற்காலையில் மண்ணில் மோப்பம் நிற்கும். காய்ந்த மத்தியானத்தில் நிற்காது. காற்று எந்தப் பக்கம், காடு எவ்வளவு அடர்த்தி, பன்றி எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் மாறினால் அதே நாயின் தூரமும் மாறும். இப்போது வெளிநாடுகளில் நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி மீட்டர் கணக்கில் பார்க்கிறார்கள். அதிலும் கருவி தருவது எவ்வளவு தூரம் என்பதை. ஏன் அங்கே போனது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விடாப்பிடி. இதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். தடத்தில் விடாப்பிடி ஒன்று. நின்ற பன்றிக்கு முன்னால் விடாப்பிடி இன்னொன்று. முதலாவதை உடைப்பது பெரும்பாலும் உடம்பு. நாய் நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டைத் தள்ளும். நம் ஊர் வெயிலில் அதற்கு எல்லை சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவதை உடைப்பது பயம். ஒன்றில் தேறிய நாய் இன்னொன்றில் தோற்கலாம். தடத்தில் ஒரு மணி நேரம் போன நாய், பன்றி திரும்பிய நொடியில் ஆள் காலடிக்கு வந்துவிடலாம். பாய்ந்து பிடிக்கும் நாயைத் தேடச் சொன்னால் பத்து நிமிடத்தில் படுத்துவிடலாம். பாய்ச்சலை விடாப்பிடியின் உச்சமாக நினைப்பதுதான் பெரிய தவறு. அது வேறு குணம்.

தனியாகவா, கூட்டமாகவா? கூட்டத்தில் ஒரு நாயின் தைரியம் மற்றதற்குத் தொற்றும். தனியாக விட்டுப் பார்க்காத வரை எந்த நாயைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜெனஃபன் சொன்னதுதான்.

எத்தனை முறை? ஒரு நாள் நடந்தது கதை. பத்து நாள் நடந்தால்தான் குணம். பன்றி கிடைக்காத நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அன்றைக்கு நாய் எவ்வளவு நேரம் சலிக்காமல் தேடியது என்பதில் நிறையத் தெரியும். வேட்டைக் கதைகளில் அந்த நாட்கள் வருவதே இல்லை.

இப்போது அந்தத் தேர்வே இல்லை

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு முக்கியமான விஷயம். இந்தத் தேர்வை இந்தியாவில் இன்று நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அட்டவணை விலங்கு. வேட்டை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சுடுவதும் பிடிப்பதும் மட்டும் இல்லை, துரத்துவதும் விரட்டுவதும் சேரும். நாயை ஏவிவிடுவதே குற்றம். மலையடிவாரத்தில் ஒரே இரவில் கடலை, மரவள்ளி வயலைப் பன்றிக்குப் பறிகொடுக்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் நிஜம். ஆனால் அதற்கு வழி தேட வேண்டியது அரசாங்கமும் வனத்துறையும். யூடியூபுக்காக நாயை ஏவுவது அந்த வழி இல்லை. அதில் பன்றியும் சாகும், நாயும் சாகும்.

தேர்வு போய்விட்டது, ஆனால் பட்டம் மட்டும் தங்கிவிட்டது. “பன்றி வேட்டை லைன்” என்று சொன்னால் மறுத்துச் சோதிக்க வழியில்லை. தாத்தன் நாய் ஐந்து கிலோமீட்டர் போனதை நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது. உண்மையிலேயே போயிருந்தாலும், அந்தக் குணம் பேரனுக்கு வந்திருக்கிறதா என்று தலைமுறைக்குத் தலைமுறை பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் அது பரம்பரையில் நிற்கும். பார்ப்பதை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அப்படியானால் இன்று எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்? 2005இல் அஞ்சல்துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முதோல் நாயும் தேசிய அளவில் நாட்டு இனங்களாகப் பதிவு பெற்றன. நல்ல செய்திகள். ஆனால் சந்தையில் விலை ஏற்றுவது தூய வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும். இங்கேதான் சிக்கல். உடம்பில் நிறமி செல்கள் குறையும் நாய்களுக்கு உள்காதிலும் அவை இல்லாமல் போய், பிறவிச் செவிடு வருவதுண்டு. டால்மேஷியன் நாய்களில் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளையை மட்டும் பார்த்து இணை சேர்த்தால் அது கூடத்தான் செய்யும்.

நினைத்துப் பாருங்கள். காது கேட்காத நாயால் ஆள் கூப்பிடுவதைக் கேட்டுத் திரும்ப முடியாது. மற்ற நாயின் குரலைக் கேட்டுப் போய்ச் சேர முடியாது. புதருக்குள் பன்றி அசைவது தெரியாது. எந்த வேலைக்குப் பெயர் வாங்கிய இனமோ, அந்த வேலைக்கே ஆகாத குட்டியை, அந்த வேலையின் பெயரைச் சொல்லியே விற்கிறோம். காவலுக்கும்கூட அது கஷ்டம்தான்.

அக்கா பையனுக்கு இத்தனையும் சொல்லவில்லை. சொன்னால் போனை வைத்துவிடுவான். இரண்டே விஷயம் சொன்னேன். “அஞ்சு கிலோமீட்டர் கதையெல்லாம் விடு, அத யாரும் அளக்கல. குட்டியப் போய்ப் பாரு. அது பாக்காத பக்கமா, காத்து படாம கொஞ்சம் தள்ளி நின்னு கை தட்டு. நாலஞ்சு தடவ தட்டு. ஒரு தடவ திரும்புறது போதாது.”

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து கூப்பிட்டான். தட்டினானாம். கூட இருந்த மற்ற இரண்டு குட்டியும் ஒவ்வொரு தடவையும் திரும்பினவாம். வெள்ளைக் குட்டி மட்டும் கடைசி வரை அவன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம். விற்கிறவரிடம் கேட்டதற்கு, “அதெல்லாம் நாங்க பாக்குறதில்ல தம்பி, கலர் பாருங்க” என்றாராம்.